மேலே ஒரு வேலை – 9: இருநூறு மணி நேரத்துக்கு அப்புறம்

“ஏனுங்க, பையன் இருநூறு மணி நேரம் ஓட்டி முடிச்சுட்டா வேலை வந்துருமுங்களா?”

இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்துப் பெற்றோர்கள் கேட்கிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரிய ஏற்றுமதியாளர்கள் அல்ல. நாலு நிட்டிங் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் ஓட்டுகிறவர்கள், பவர் டேபிள் வைத்துப் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறவர்கள், நூல் விலை ஏறினால் தூக்கம் கெடுகிறவர்கள். பிள்ளையாவது இந்தப் பாட்டிலிருந்து மேலே போகட்டும் என்று நினைக்கிறார்கள். பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம். 2018-ல் தேஜஸ் படைப்பிரிவு அங்கே வந்த பிறகு, பல்லடம் வட்டாரப் பிள்ளைகள் போர் விமானத்தைப் பார்த்துக்கொண்டேதான் வளர்கிறார்கள். ஆசை வருவதில் வியப்பில்லை.

கேள்விக்குப் பதில்: வந்துராதுங்க. ஏன் வராது, வருவதற்கு நடுவில் என்ன நிற்கிறது என்பதுதான் இந்த வாரம்.

முதலில் அந்த இருநூறு எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சிபிஎல் வாங்க, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ கேட்கும் குறைந்தபட்சப் பறப்பு 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்று ஓட்டியிருக்க வேண்டும். 20 மணி நேரம் ஊர்விட்டு ஊர் போயிருக்க வேண்டும். அதில் ஒரு பயணமாவது 300 கடல் மைல், நம் கணக்கில் சுமார் 555 கிலோமீட்டர். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டியது 10 மணி நேரம். இரவில் 5 மணி நேரம், பத்து ஏற்றம், பத்து இறக்கம். இவற்றோடு வானிலை, வான்வழி காட்டல், விமான விதிகள் எனத் தேர்வுகள். வயது 18 முடிந்து, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும்.

விளம்பரங்களில் இதை ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்பார்கள். மழைக்காலத்தில் விமானம் தரையிலேயே நிற்கும். வடக்கே போனால் பனிமூட்டம். பயிற்சி விமானம் பழுதானால் உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். மாணவர்கள் அதிகம், இன்ஸ்ட்ரக்டர்கள் குறைவு என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரும்பாடு. பயிற்சி விமானத்துக்கு ஊற்றும் பெட்ரோலைக்கூட 2022 வரை வெளிநாட்டிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த வருடம் செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் அதை வதோதராவில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே ஒரு வருடம் இரண்டாகும், சில இடங்களில் அதையும் தாண்டும். அத்தனை நாளும் விடுதிச் செலவும் கடனுக்கு வட்டியும் ஓடிக்கொண்டே இருக்கும்.

செலவு அரைக் கோடிக்குக் குறையாது. கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். பனியன் கம்பெனி வைத்திருப்பவரிடம் இருக்கும் சொத்து, பெரும்பாலும் அவர் தொழில் நடத்தும் இடமும் குடியிருக்கும் வீடும்தான். பல வீடுகளில் அவை ஏற்கனவே தொழில் கடனுக்காக வங்கியில் இருக்கும்.

இவ்வளவும் முடித்துக் கையில் வருவது, வேலைக்கு விண்ணப்பிக்கும் தகுதி. ஏர்பஸ் 320 ஓட்ட வேண்டுமென்றால் அந்த ரகத்துக்கென்று தனியாக டைப் ரேட்டிங் எடுக்க வேண்டும். அதற்கு இன்னும் பத்துப் பதினைந்து லட்சத்துக்கு மேல். அதையும் சொந்தக் காசில் முடித்துவிட்டு அழைப்புக்காக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. 2019-ல் இந்தியாவில் கொடுக்கப்பட்ட சிபிஎல்கள் 744. 2021-ல் 862, 2022-ல் 1,165, 2023-ல் 1,622. லைசென்ஸ் வாங்குவோர் தொகை இப்படி ஏறிக்கொண்டிருந்தபோதே, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்டும் நின்றுபோயின. ஏற்கனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிய விமானிகள் வேலை தேடி வந்தபோது, 200 மணிக்காரர்களின் வரிசை பின்னால் தள்ளப்பட்டது.

காத்திருப்பதற்கும் செலவு உண்டு என்பதைப் பெரும்பாலான பெற்றோர்கள் பணம் கட்டிய பிறகே அறிகிறார்கள். மருத்துவச் சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். கருவிப் பறப்புத் தகுதிக்கும் ஆண்டுச் சோதனை. ஓட்டாமல் இருந்தால் கை மறக்கும்; கை மறந்தவரை எந்தக் கம்பெனியின் சிமுலேட்டர் தேர்வும் தேர்ந்தெடுக்காது. நாட்டுக்கு வரும் ஆண்டுகளில் 30,000 விமானிகள் தேவை என்று மத்திய அமைச்சர் சொல்வது பொய்யில்லை. ஆனால் விமான நிறுவனங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது கேப்டன்கள். புதிதாக வந்தவரைக் கேப்டனாக்க வருடங்கள் ஆகும்.

இந்த நிலையில் 200 என்பதை இன்னும் ஏற்றினால் என்ன ஆகும்? நல்லதுதானே, அனுபவம் கூடுமே என்று தோன்றும். எனக்கும் முதலில் தோன்றிய நியாயம் அதுதான். ஆனால் அதைச் செய்து பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. அங்கே நடந்ததை நம் ஆட்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2009 பிப்ரவரி 12, இரவு. நியூவார்க்கிலிருந்து பஃபலோ நோக்கிப் போன சிறிய பயணிகள் விமானம் ஒன்று, இறங்குவதற்குச் சற்று முன் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானம் அது. வேகம் குறைந்துவிட்டது என்று விமானம் எச்சரித்தது. கைப்பிடியே நடுங்கி உணர்த்தியது. அப்போது செய்ய வேண்டியது மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவது. கேப்டன் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தார். விசாரணை அமைப்பு காரணமாகச் சொன்னது அந்த இழுப்பைத்தான்.

அந்தக் கேப்டன் முன்பு பல சோதனைத் தேர்வுகளில் தோற்றவர் என்பது பின்னால் தெரிந்தது. துணை விமானிக்கு வயது 24. சம்பளம் வருடத்துக்குப் பதினாறாயிரம் டாலர் அளவில். வேலை செய்யும் ஊரில் தங்க வழியில்லாமல், நாட்டின் மறுகோடியான சியாட்டிலில் பெற்றோர் வீட்டிலிருந்து இரவெல்லாம் விமானம் மாறி மாறி வந்து பணிக்கு ஏறியவர். சளிப்பிடித்த குரலோடு அவர் பேசியது பதிவுக்கருவியில் இருக்கிறது. களைப்பு, குறைந்த கூலி, தவறான பயிற்சி என்று விசாரணையில் வெளிவந்தவை எல்லாம் ஒரு தொழிலாளியின் கதை. திருப்பூரில் இருக்கும் யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின. 2010-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2013-ல் விதி வந்தது. அதுவரை பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்கார 250 மணி நேரம் போதும். இனி 1,500 மணி நேரம். விமானத் துறையில் நாலு வருடப் பட்டம் படித்திருந்தால் 1,000, இரண்டு வருடப் படிப்பென்றால் 1,250, இராணுவத்தில் ஓட்டியவருக்கு 750.

இங்கேதான் நான் தடுமாறி நிற்கிறேன். அன்று விழுந்த விமானத்தின் கேப்டன் ஓட்டியிருந்தது 3,379 மணி நேரம். துணை விமானி 2,244. இருவருமே 1,500-ஐத் தாண்டியவர்கள். புதிய விதி முந்தைய நாளே இருந்திருந்தாலும் அவர்கள் இருவரும் அந்த இருக்கைகளில்தான் இருந்திருப்பார்கள். விபத்தை ஆராய்ந்த அமைப்பும் மணி நேரத்தைக் கூட்டச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை இழந்தவர்கள் ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டபோது, நாடாளுமன்றத்தின் கைக்கு எட்டியது ஓர் எண். எண்ணை ஏற்றுவது சட்டத்துக்கு எளிது. பயிற்சியின் தரத்தை ஏற்றுவது கடினம்.

விதியை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் சொல்ல வேண்டும். 2009-க்குப் பிறகு, 2025 ஜனவரியில் வாஷிங்டனில் இராணுவ ஹெலிகாப்டரோடு மோதி 67 பேர் இறக்கும் வரை, அமெரிக்க நிறுவனங்களின் பயணிகள் விமானம் எதுவும் அப்படி விழவில்லை. பதினாறு வருடங்கள்! அதைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது. ஆனால் அதே காலத்தில் அங்கே விமானிகளின் ஓய்வு விதி மாறியது, வேகமிழந்த விமானத்தை மீட்கும் பயிற்சி மாறியது, தவறுகளைப் பயமின்றித் தெரிவிக்கும் முறை பரவியது. ஐரோப்பாவில் இருநூறு மணி நேர அனுபவத்தோடு நேராகப் போயிங் 737-லும் ஏர்பஸ் 320-லும் துணை விமானியாக இன்றும் அமர்கிறார்கள். அங்கே விமானங்கள் அதிகமாக விழுந்துவிடவில்லை. நன்மை எண்ணால் வந்ததா மற்றவற்றால் வந்ததா என்று கேட்டால், என் கணிப்பு மற்றவற்றின் பக்கம்.

புதியவர்களுக்கு என்ன ஆயிற்று? லைசென்ஸ் எடுத்த பிள்ளை இன்னும் ஆயிரத்துச் சொச்சம் மணி நேரத்தை எங்காவது சேர்க்க வேண்டும். பெரும்பாலோர் தாங்கள் படித்த பள்ளியிலேயே இன்ஸ்ட்ரக்டர் ஆனார்கள். சிலர் கடற்கரை மேல் விளம்பரத் துணியை இழுத்துப் பறந்தார்கள், சிலர் பாராசூட்டில் குதிப்பவர்களை ஏற்றிப் போனார்கள், எண்ணெய்க் குழாய்களைக் கண்காணித்துப் பறந்தார்கள். ஒன்றரை, இரண்டு வருடம் இப்படிப் போகும். நேற்று லைசென்ஸ் எடுத்தவர் இன்று ஆசிரியர். அவர் மனமெல்லாம் தன் லாக்புக்கில் ஏறும் மணிகளில். ஒரு நன்மையும் விளைந்தது. ஆள் தட்டுப்பாட்டால் பிராந்திய நிறுவனங்கள் கூலியை ஏற்றின. 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் முதல் வருடத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் கொடுத்தன. பதினாறாயிரம் டாலர் சம்பளத்தில் இரவெல்லாம் பயணித்த அந்தப் பெண்ணின் காலத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அந்தக் கூலியை எட்டும் வாசலுக்கு வரவே பணம் வேண்டும். பணமுள்ள வீட்டுப் பிள்ளை நேரத்தை விலைக்கு வாங்கும். மற்றவர் கடனோடு காத்திருப்பார்.

இங்கே அந்த விதி வந்தால்? விளம்பரத் துணி இழுக்கும் வேலை இங்கே இல்லை. குழாய்களைக் கண்காணிக்கும் சிறு விமானங்களும் இல்லை. இன்ஸ்ட்ரக்டர் இடங்கள் விரல்விட்டு எண்ணும்படி. அரைக் கோடியை 200-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரம் 25,000 ரூபாய். இன்னும் 1,300 மணி நேரத்துக்கு மூன்றேகால் கோடி. திருப்பூரில் அந்தப் பணத்தில் ஒரு கம்பெனியே போடலாம்.

இப்போது நம் ஊர் முறையில் ஒரு கணக்கு. பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு வந்து மாலை ஐந்தரைக்குப் போனால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். கூலிக்கு இது போதும். ஆனால் கைமடிக்கும் ஹெல்ப்பர் ஒருவரை டெய்லராக ஏற்றும்போது எந்த முதலாளியும் அவர் எத்தனை ஷிப்ட் இருந்தார் என்று கேட்க மாட்டார். ஓவர்லாக்கில் உட்காரவைத்து, கழுத்துப் பட்டி ஏற்றச் சொல்லி, பீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மூன்று வருடம் இருந்தும் கழுத்து வளைபவர் உண்டு. ஆறு மாதத்தில் பிடித்தவர் உண்டு. ஷிப்டை வைத்து டெய்லரை அளந்தால் பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பது அவருக்குத் தெரியும்.

விமானத்தில் மணி நேரமும் அப்படித்தான். ஒரே விமான நிலையத்தைச் சுற்றிச் சுற்றி, தெளிந்த வானில், தனியாக ஓட்டிய ஆயிரம் மணி நேரம், பெரும்பாலும் முதல் ஐம்பது மணி நேரத்தின் மறுபடி மறுபடியான நகல்தான். இந்தியாவில் இப்போது இருக்கும் முறையில் 200 மணிக்காரர் துணை விமானியாக அமர்ந்தால், அடுத்த 1,300 மணி நேரம் ஒரு கேப்டனின் அருகில், மழையிலும் மும்பை நெரிசலிலும், இரண்டு பேர் சேர்ந்து முடிவெடுக்கும் பழக்கத்தில் ஓடும். வருடத்துக்கு 700, 800 மணி ஓடினால் இரண்டு வருடத்துக்குள் 1,500 வந்துவிடும். கேப்டனாவதற்கான ஏடிபிஎல் லைசென்ஸுக்கு இங்கே கேட்கும் எண்ணும் அதே 1,500தான். ஒரே எண், அதை நிரப்பும் அனுபவம் வேறு.

மங்களூரை மறந்திருக்க மாட்டீர்கள். 2010 மே 22. துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். கேப்டனின் அனுபவம் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல். பயணத்தின் பெரும்பகுதியில் அவர் தூங்கியிருந்தார். குறட்டைச் சத்தம் பதிவாகியிருந்தது. விமானம் உயரமாகவும் வேகமாகவும் வருகிறது, இறங்காதீர்கள், சுற்றி வரலாம் என்று மூன்று முறை சொன்னவர் துணை விமானி. அவரிடம் இருந்தது கேப்டனுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான அனுபவம்தான். சொன்னது சரி, கேட்கப்படவில்லை. தன்னைவிட மூத்தவரிடம் “வேண்டாம் சார்” என்று சொல்லும் துணிவையும், அதைக் கேட்கும் மூத்தவரின் மனத்தையும் எந்த லாக்புக்கிலும் எழுத முடியாது. பயிற்சியில் அதைக் கற்றுத்தர முடியும். சிமுலேட்டரில் சோதிக்க முடியும்.

லாக்புக் என்றதும் இன்னொன்று. எண்ணை ஏற்றினால் எண்ணைப் பொய்யாக எழுதும் ஆசையும் ஏறும். பறக்காமல் பேனாவால் எழுதிய மணிகளை விமானிகள் உலகமெங்கும் பார்க்கர் பேனா மணி என்பார்கள். நம் நாட்டில் 2011-ல் அது வெளியே வந்தது. போலிச் சான்றிதழோடு விமானம் ஓட்டியவர்கள் பிடிபட்டார்கள். ராஜஸ்தானில் ஓடாத மணிகளை ஓடியதாகப் பதிவு செய்துகொடுத்த விவகாரத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டு ஆட்களைக் கைது செய்தது. நாடு முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் தணிக்கை நடந்தது. 200 மணிக்கே இப்படி என்றால், 1,500-க்கு என்ன விலை பேசப்படும் என்று யோசியுங்கள்.

நேரக் கட்டுப்பாட்டில் நான் முழு மனதோடு ஆதரிக்கும் ஒன்று உண்டு: அதிகபட்சம் எவ்வளவு ஓட்டலாம் என்பது. விமானி வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது இங்கே விதி. 2024 ஜனவரியில் டிஜிசிஏ அதோடு ஓய்வையும் கூட்டியது. வாரத்துக்கு 36 மணி நேர ஓய்வு 48 ஆனது. இரவு என்பது காலை ஆறு மணி வரை நீண்டது. இரவுப் பணியில் ஆறு இறக்கம் வரை அனுமதித்தது இரண்டாகக் குறைந்தது. நிறுவனங்கள் தள்ளிப்போட்டு, நீதிமன்றம் தலையிட்டு, 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக வந்தது. விமானிகள் போதாமல் டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிலைகுலைந்தது. 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்து. ஓய்வு விதியின் ஒரு பகுதியை டிஜிசிஏ திரும்பப் பெற்றது. இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கொடுத்தது.

அந்த வாரம் விமான நிலையத் தரையில் படுத்திருந்த மக்களைப் பார்த்து, விமானிகள்தான் காரணம் என்று பேசியவர்கள் இருந்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. தூக்கம் கெட்ட விமானி என்ன செய்வார் என்பதற்கு மங்களூர் சாட்சி. ஓய்வைக் கூட்டினால் கூடுதல் விமானிகள் தேவை. அது நம் 200 மணிப் பிள்ளைகளுக்கு வாசலைத் திறக்கும் விதி. இரண்டு வருட அவகாசத்தில் அவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்திருந்தால் டிசம்பரில் ஆள் இருந்திருப்பார்கள். புதியவரை எடுத்துத் தயார் செய்து வழக்கமான பணிக்கு அனுப்பப் பல மாதங்கள் ஆகும். கடைசி வாரத்தில் விளம்பரம் கொடுத்து ஆள் பிடிக்கும் வேலை இல்லை இது.

இனி, வீட்டை ஈடு வைக்கும் முன் என்ன செய்யலாம்?

பணம் கட்டும் முன்பே முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணோ காதோ சரியில்லை என்று பாதி வழியில் தெரிந்தால் போன பணம் வராது. அடுத்து, தேர்வு முதலில் நடக்கும் வழியைத் தேடுங்கள். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்களில் திறன் தேர்வும் நேர்காணலும் பயிற்சிக்கு முன்பே முடிந்துவிடும். செலவு அதிகம்தான், ஆனால் தேறாதவர் கடன் வாங்கும் முன்பே தெரிந்துகொள்வார். ரேபரேலி அருகே ஃபர்சத்கஞ்சில் இருக்கும் அரசின் இக்ருவா பள்ளியும் நுழைவுத் தேர்வு வைத்துத்தான் எடுக்கிறது. நமக்கு அருகே சேலம் விமான நிலையத்திலும், 2022-ல் விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கிய பின், பயிற்சிப் பள்ளிக்கு வழி வந்திருக்கிறது. அது இருக்கும் ஓமலூர் தொலைவில் இல்லை. கட்டும் முன் ஒரு நாள் போய் நின்று பாருங்கள்.

போனால் வரவேற்பறையில் காட்டும் படங்களைப் பார்க்காதீர்கள். எத்தனை விமானம், அதில் இன்று பறக்கும் நிலையில் எத்தனை, எத்தனை இன்ஸ்ட்ரக்டர், இப்போது எத்தனை மாணவர், போன மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி ஓட்டினார் என்று கேளுங்கள். அங்கே படிக்கும் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, “கண்ணு, கடைசியா எப்ப ஓட்டுன?” என்று விசாரியுங்கள். 2025 அக்டோபரிலிருந்து டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறது. முதல் பட்டியலில் எந்தப் பள்ளியும் ‘ஏ’ தரம் வாங்கவில்லை. அந்தப் பட்டியலில் நீங்கள் பார்க்கும் பள்ளி எங்கே என்று பாருங்கள். மொத்தக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கேட்டால் கொடுக்காதீர்கள்; பறந்த மணிக்கு ஏற்பக் கட்டும் ஏற்பாட்டை எழுத்தில் கேளுங்கள். டைப் ரேட்டிங்குக்கு, நிறுவனத்தின் வேலை உறுதிக் கடிதம் கையில் வரும்வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு வருடமாவது வேலையில்லாமல் கடனைக் கட்ட வீட்டால் முடியுமா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முடியாதென்றால் விமானப்படையின் தேர்வுகள் இருக்கின்றன. அங்கே பயிற்சிச் செலவு அரசினுடையது. சூலூரில் பறப்பவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். அந்தத் தேர்வுகளுக்கு எந்த வயதில், எப்படித் தயாராவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)